கோட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்

அன்பு மகனுக்கு, உன் வாப்பா எழுதுவது. படைத்தவன் உன்னை நல்ல சுகத்தில் வைத்திருக்கட்டும். உம்மா சுகம். நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் தமிழ் எழுத்தில் இருப்பதைப் பார்த்து நீ யோசித்திருப்பாய். வழக்கமாக உனக்கு நம் அரபுத் தமிழில்தான், அரபு எழுத்தில் வலப் பக்கமிருந்து எழுதுவேன். என் கைக்கு அதுதான் லேசு. ஆனால் கொழும்பில் நீ தங்கியிருக்கும் கடை மாடியில், உன்னைப் போலவே பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் வேறு பையன்களும் இருப்பதாக எழுதியிருந்தாய். இதை முதலில் நீ தனியாகப் படி. படித்து, மனசு ஒரு நிலைக்கு வந்த பிறகு அவர்களுக்கும் கொடு. அவர்களுடைய வாப்பாமார் இதை எழுத மாட்டார்கள். எழுதத் தெரியாமல் இல்லை, மனசு வராது. எனக்கும் வரவில்லை. எழுதுவதற்குள் களைத்துப்போவேன் என்று நினைத்தோ என்னவோ, உம்மா பெரிய கோப்பையில் தேநீர் ஊற்றிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆவி பறக்கிறது. குடிக்கத் தோன்றவில்லை.

சுற்றி வளைத்துப் பேசி நான் ஒரு சாக்கு அரிசியும் விற்றதில்லை. ஆகையால் நேரே சொல்கிறேன். மகன், நீ இந்த முறையும் பாஸாக மாட்டாய். விடைத்தாள்கள் கப்பலேறிச் சீமைக்குப் போய், அங்கே திருத்தப்பட்டு, பெயர்ப் பட்டியல் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பட்டியல் வரும் வரைக்கும் கஹவத்தைத் தோட்டத்து வேலைக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ரப்பர் ஸ்டோரில் மரப்பாலை எடை போட்டு எழுதும் அந்த வேலையைப் பெரிய கிளாக்கர் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் உனக்காக வைத்திருப்பார். அதன் பிறகு அவருடைய மச்சான் மகனுக்குப் போய்விடும். பாஸானால் நீ சேர நினைத்த அப்போதிக்கரி படிப்புக்கு, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் படிப்புக்கு, இருக்கும் வயது எல்லையை அடுத்த பரீட்சைக்கு முன்பே நீ தாண்டிவிடுவாய். ஆகவே அது முடிந்தது. இது இருக்கிறது. முடிந்ததற்காக இருப்பதை விட்டுவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத வாப்பா விஞ்ஞானப் பேப்பரைப் பற்றி என்ன பேசுவது என்று கோபமும் வரும். வரட்டும். முதல் முறை நடந்ததிலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் அதில் நானும் உன்னோடு கூட நின்றேன்.

அந்த முதல் பரீட்சை முடிந்து பலாங்கொடைக்கு வந்த பஸ்ஸிலிருந்து நீ இறங்கியபோதே சிரித்துக்கொண்டு இறங்கினாய். விஞ்ஞானப் பேப்பரை அரிசி மூட்டையின் மேல் விரித்தாய். அதில் பக்கத்துக்குப் பக்கமாகக் கோடுகள் வரைந்த படங்கள். எண் ஒன்றும் இல்லை. கீழே நேரம் என்றும் ஓரத்தில் சூடு என்றும் இங்கிலீஷில் எழுதியிருப்பதாகச் சொன்னாய். அடுப்பில் வைத்த தண்ணீர் எந்தப் படம், இறக்கி வைத்த தண்ணீர் எந்தப் படம் என்று கேள்வி. "வாப்பா, இது கஷ்டமே இல்ல. பாருங்க, இது மேல போகுது, இது அடுப்புல ஈக்கிற தண்ணி. இது கீழ வருது, இது எறக்கி வெச்ச தண்ணி," என்று விரலால் கோட்டைத் தடவிக் காட்டினாய். நானும் என் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நீ சொன்னது அப்படியே சரியாக இருந்தது. "சரிதான் மகன், இதுல என்ன பெரிய படிப்பு ஈக்கி? நம்மட கடைப் பலகையப் பாக்கிறது மாதிரித்தானே," என்றேன். கடையில் நின்ற ரப்பர் விற்க வந்த சிங்கள முதியவரைக் கூப்பிட்டு, என் மகன் டாக்டர் ஆகப் போகிறான் என்று அவர் பாஷையில் சொன்னேன். அவரும் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் என் ரப்பர் ஷீட்டுக்குக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்கள் மொதலாளி என்றார்.

பாஸாகவில்லை என்று தெரிந்த பிறகும் எந்த இடத்தில் தவறியது என்று உனக்கு விளங்கவில்லை. வாத்தியாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா, அவர் யாழ்ப்பாணத்து மனிதர், மண்ணெண்ணெய் வாங்க நம் கடைக்கு வந்தபோது அந்தப் பேப்பரை அவரிடம் காட்டினோம். "எங்க தம்பி, நீர் எப்பிடிப் பார்த்தனீர் எண்டு ஒருக்காக் காட்டும்," என்றார். நீ விரலை வைத்தாய். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முதலாளி, உங்கட பொடியன் கேத்தில் தண்ணியை அடுப்பாலை இறக்கி வைச்சுச் சூடாக்கிறான்! அடுப்பிலை வைச்சு ஆத்துறான்!" என்றார். நமக்கு அப்போதும் விளங்கவில்லை. பிறகு அவர் தன் விரலைப் படத்தின் இடது ஓரத்தில் வைத்து வலது பக்கமாக இழுத்தார். மேலே போன கோடு கீழே வந்தது. கீழே வந்த கோடு மேலே போனது. நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த நம் விலைப் பலகையைப் பார்த்தேன்.

அந்தப் பலகையில்தான் நீ கணக்குப் படித்தாய். சனிக்கிழமை விலையை வலது ஓரத்தில் எழுதுவோம். அடுத்த நாளுக்கு அடுத்த நாள் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போவோம். தோட்டத்துக் கூலி லயங்களுக்கு ஊசி, நூல், கண்ணாடி வளையல் என்று தலையில் பெட்டி சுமந்து திரிந்த காலத்திலிருந்து எனக்கு அந்த வழக்கம். எங்கள் ஆட்கள் எல்லோருடைய கடையிலும் அப்படித்தான். குர்ஆன் ஓதப் போன பள்ளியிலும் லெப்பை உன் விரலைப் பிடித்து வலது ஓரத்தில்தான் வைத்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு நீ பெரியவனாகித்தான் போனாய். அங்கே எழுத்தை இடது பக்கமிருந்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தில்லாத ஒரு கோட்டை எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எழுத்து இருந்தால் உன் கண் இடது பக்கம் போகும். வெறும் கோடு என்றால் உன் விரல் நம் கடைச் சுவருக்குத்தான் போகும். இதற்கு யாரைக் குறை சொல்வது? நான் என்னையும் சொல்லவில்லை, உன்னையும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அன்றைக்கு மூட்டையின் மேல் குனிந்து, ஒரே ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரே பிழையைச் செய்து சந்தோஷப்பட்டோம். இப்போது நினைத்தால் அந்த ஒரு பின்னேரம்தான் இந்தப் பரீட்சையால் நமக்குக் கிடைத்த லாபம்.

இரண்டாவது முறைக்கு நீ எப்படி உழைத்தாய் என்பதை நான் பார்த்தேன். உம்மா லெப்பையிடம் ஓதி வாங்கிய கறுப்பு நூலை உன் இடது மணிக்கட்டில் கட்டினாள். "கோட்டக் கண்டா மொதல்ல இந்தக் கையப் பாரு மகன். நூல் ஈக்கிற பக்கம் தொடங்கு. நீ பாஸான அண்டைக்கு நானே என்ட கையால அவுத்து உடுவேன்," என்றாள். நான் சிரித்தேன். அவள் என்னை முறைத்து, "சிரிங்க, சிரிங்க. ஒங்கட பலகையாலதான் என்ட புள்ளக்கி இந்த அலங்கோலம்," என்றாள். அன்றிலிருந்து அந்தப் பலகைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு நாள் விலையை வாயால்தான் சொல்கிறேன். போன வாரம் நீ விஞ்ஞானப் பேப்பரைத் தபாலில் அனுப்பி, கூடவே எழுதிய விடைகளையும் வரைந்த கோட்டையும் ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதி அனுப்பியிருந்தாய். "வாப்பா, இந்த முறை ஒரு கோடும் பக்கம் மாறவில்லை. நூலைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். அப்போதிக்கரி ஐயாவிடம் காட்டுங்கள், அவர் சிரிக்கட்டும் பார்ப்போம்," என்று எழுதியிருந்தாய்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சல்காரர்கள் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். லயத்துப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மொதலாளி, ஒங்களுக்குமா காய்ச்சலு? நீங்க முன்ன போங்க சாமி," என்று வழிவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, வரிசையிலேயே நின்றேன். என் முறை வந்ததும் அப்போதிக்கரி ஐயா பேப்பரை வாங்கி, மருந்துப் போத்தல்களைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தார். நீ எழுதி அனுப்பிய தாளை ஒரு தடவை படித்தார். பிறகு இன்னொரு தடவை. மகன், அந்த மனிதர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பக்கம் மாறேல்லை, முதலாளி. கோடு நேர்த்தியாத்தான் கீறியிருக்கிறான்," என்றார். பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். இந்த முறை கேள்வியில் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தில் கொதித்த தண்ணீரை இறக்கி அறையில் வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதன் சூட்டை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கோடு வரைய வேண்டும். அட்டவணை முடிந்த பிறகும் அந்தப் பாத்திரம் அங்கேயே நெடுநேரம் இருந்தால் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். அடுத்து வந்த கேள்விகள் எல்லாம் அந்த விடையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. "இஞ்ச பாருங்கோ, முதல் ஐஞ்சு நிமிஷத்திலை கடகடவெண்டு விழுது. அடுத்த ஐஞ்சிலை அவ்வளவு இல்லை. பிறகு அதிலும் குறைவு. கடைசியிலை அசையிறதே இல்லை. உங்கட மகன் முதல் இரண்டு புள்ளியிலை ரூல் தடியை வைச்சு ஒரே இழுவையா இழுத்துப்போட்டான். மிச்சப் புள்ளியளெல்லாம் பிழையா அளந்ததெண்டு எழுதியிருக்கிறான். கோடு கீழ கீழ போய்…" என்று நிறுத்தினார். "போய்?" என்றேன். "தண்ணி ஐஸாப் போகும் எண்டு எழுதியிருக்கிறான், முதலாளி."

நான் அவரிடம் அப்போது என்ன கேட்டேன் தெரியுமா? ஐஸ் லொறி நின்ற நாள் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, துரைமார் கிளப்புக்கு ஐஸ் கட்டி ஏற்றி வந்த லொறி நம் கடை வாசலில் அச்சு முறிந்து நின்றது. மரத்தூளுக்குள் சாக்குப் போட்டுப் பொதிந்த கட்டிகள். கடைவீதி முழுவதும் கூடிவிட்டது. டிரைவர் ஆளுக்கொரு துண்டு உடைத்துக் கொடுத்தான். துரைமாருக்குப் போய்ச் சேரும்போது எப்படியும் பாதிதான் இருக்கும் என்றான். உனக்குக் கிடைத்த துண்டை நீ வாயில் வைக்கவில்லை. உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாய். அவள் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன மகன், மூத்திரம் பெய்து சட்டையில தொடச்சியா?" என்று கேட்டாள். அன்று முழுவதும் அழுதாய். எங்கே போச்சு, எங்கே போச்சு என்று கேட்டுக் கேட்டு அழுதாய். ஐஸ் கட்டி தண்ணீராகிப்போகும் ஊர் இது என்பது உனக்கு ஏழு வயதிலேயே தெரியும். இந்த ஊர்த் தண்ணீர் தானாக ஐஸ் ஆகும் என்று நீ எப்படி எழுதினாய்? இதைத்தான் நான் அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டேன்.

"அவன் தண்ணியைப் பார்க்கேல்லை, முதலாளி. கோட்டைத்தான் பார்த்தவன்," என்றார். "போன முறை நான் சிரிச்ச சிரிப்பிலை பயந்துபோனான் போல. பக்கம் மாறக்கூடாது, பக்கம் மாறக்கூடாது எண்டு கையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பாத்திரம் எங்க ஞாபகம் வரப்போகுது?" பாஸாக வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து என் கையில் வைத்தார். "நான் காய்ச்சல்காரருக்கே பொய் சொல்லிறேல்லை. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுவன்?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நடக்கும்போது எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த ரூலை நான் அறிவேன். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஒவ்வொருவனும் அதை மனசுக்குள் வைத்திருந்தான். இரண்டு விலையைப் பார்த்தோம். அதன் மேல் ரூலை வைத்து வானம் வரைக்கும் இழுத்தோம். படித்த பிரக்கிராசி வக்கீல்மாரும் இழுத்தார்கள், துரைமாரும் இழுத்தார்கள். நானும் இழுத்துத்தான் பின்மலை ரப்பர்க் காணியை வாங்கினேன். விலை விழுந்துபோய், அந்த மரங்களை வெட்டக்கூட இன்றைக்குக் கூலி கொடுத்துக் கட்டாது. ரப்பரை வாங்குகிறவன் அதை வைத்து என்ன செய்கிறான், எவ்வளவுதான் வாங்குவான் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் ஒரு சாமான் இருக்கிறது, அந்தச் சாமானுக்கு ஒரு சுபாவம் இருக்கிறது. கோடு அதன் நிழல்தான். இது எனக்குத் தெரிந்தபோது காலம் போய்விட்டது. உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. உன்னோடு இருக்கும் பையன்களில் யாருக்காவது இன்னும் வயது மிச்சம் இருந்தால் அவர்களிடம் சொல். அட்டவணையைக் கண்டால் எண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம்; ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கட்டும். தனக்குப் பிடிக்காத புள்ளியைப் பிழையென்று தள்ளாமல் இருக்கட்டும். அளந்தவன் நம்மைவிடப் பக்கத்தில் நின்றவன். தாங்கள் எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறார்கள் என்று பேனா தொடுமுன் யாரிடமாவது விரலை வைத்துக் காட்டட்டும். அவர்களுக்கு உதவினால் உதவட்டும். உனக்கு இனி இதனால் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னாரு? சொல்லுங்களே. சிரிச்சாரா?" என்றாள். "சிரிக்கல்ல," என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்! அப்பிடியெண்டா சரியாத்தான் எழுதியிருக்கான்," என்று கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். நான் அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நீ பாஸானால் மௌலூது ஓதி ஊருக்குச் சோறு போடுவதாக நேர்ந்து நிய்யத்து வைத்திருக்கிறாள். அதற்காக வளர்க்கும் ஆட்டுக்கு இப்போது தன் கையாலேயே பலா இலை ஒடித்துப் போடுகிறாள். அரிசி சாக்குக் கணக்கில் விற்பவன் நான். யாரிடமும் இல்லையென்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவன். இந்த ஒரு பொம்பிளையிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

கஹவத்தை வேலையைப் பற்றி உனக்கு ஆசை காட்டவும் எனக்குத் தெரியாது. விடியுமுன் பால் நிறுக்க நிற்க வேண்டும். துணியிலிருந்து அந்த நாற்றம் போகாது. பால் வெட்டுகிறவர்கள் நீ குறைத்து எழுதினாய் என்பார்கள். துரை நீ கூட்டி எழுதினாய் என்பார். இந்த விலையில் தோட்டமே எத்தனை நாள் ஸ்டோரைத் திறந்து வைத்திருக்கும் என்று பெரிய கிளாக்கருக்கே தெரியாது. போன மாதம் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் நிறுத்துவார்கள். நம் கடைக்கு நீ வந்து உட்காரலாம் என்றால் உட்கார இடம் உண்டு, விற்கச் சாமான் இல்லை. ஆகவே நல்ல வேலையை விட்டுவிடாதே என்று நான் சொல்லவில்லை. இருக்கும் ஒன்றை விடாதே என்கிறேன். உனக்காக நான் தேடித் தேடி எடுத்தது இவ்வளவுதான்.

எழுதத் தொடங்கும்போது சொன்ன தேநீர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆவி நின்று வெகு நேரமாகிவிட்டது. இப்போதுதான் கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அது இருந்த கல்லா மேசையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே குளிர். இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் இது இதற்குக் கீழே ஆறாது. அந்தக் கேள்விக்கு விடை இதுதானாம், மகன். இந்த ஒரு வரியைத்தான் அவர்கள் உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆறுதல் ஒன்றும் என்னிடம் இல்லை.

பெரிய கிளாக்கருக்கு வருகிறேன் என்று இன்றைக்கே ஒரு தபால் அட்டை போடு. கஹவத்தைக்குப் போகுமுன் ஒரு நாள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. வரும்போது மணிக்கட்டில் இருக்கும் அந்தக் கறுப்பு நூலைக் கொழும்பிலேயே அவிழ்த்துவிடு. வாசலில் நீ ஸலாம் சொல்லிக் கை நீட்டும்போது உம்மா முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பாள். தான் அவிழ்க்க வேண்டிய நூலை நீயே அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்று கண்டால், அவள் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள்.

உன் வாப்பா